மாதிரி எங்கே?

மழை இறங்கிய சில நாளில் ஜவ்வாது மலையடிவாரத்தில் காளான் தலைகாட்டிவிடுகிறது. பாகாயத்திலிருந்து அடுக்கம்பாறை, கணியம்பாடி வழியாக அமிர்தி போகும் பக்கமெல்லாம் ஈரம் காயாத புற்றுகளைத் தேடி ஊர்மக்கள் விடியலிலேயே கிளம்பிவிடுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆய்வு மாணவர்களும் வருகிறார்கள். வரட்டும், வரவேற்கிறோம். அந்த ஆய்வு முடிகிற விதத்தைத்தான் இங்கே கண்டிக்கிறோம். செல்போனில் மேலிருந்து நாலு படம் எடுக்கப்படுகிறது. படத்தைச் செயலியில் போட்டு அது காட்டும் பெயர் எழுதிக்கொள்ளப்படுகிறது. பெயர்கள் சேர்ந்து அட்டவணையாகின்றன, அட்டவணை ஆய்வேடாகிறது, ஆய்வேட்டுக்குப் பட்டமும் கிடைத்துவிடுகிறது. அட்டவணையில் ஒரு பெயரைத் தொட்டு, இதன் மாதிரி எங்கே என்று கேட்டுப் பாருங்கள். பறித்த காளான் அன்றைக்கே பாலித்தீன் பையில் புழுங்கி அழுகிக் குப்பைக்குப் போயிருக்கும்.

மாதிரி இல்லாத பெயரை அறிவியல் பெயர் என்று ஏற்க முடியாது. அதை எழுதிய மாணவரை விட, கையெழுத்துப் போட்ட வழிகாட்டியும் அச்சிட்ட ஆய்விதழும் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகமும் பெரிய தவறு செய்கிறார்கள். மாணவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மற்றவர்களுக்கு விதி தெரியும். தெரிந்தே கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

விதி ஒன்றும் புதிதல்ல. ஒரு புதிய பூஞ்சைக்குப் பெயர் வைக்க வேண்டுமென்றால் அந்தப் பெயர் எந்த மாதிரியைக் குறிக்கிறது என்று சுட்டிக்காட்டியாக வேண்டும் என்பது 1958 ஜனவரி 1 முதல் உலகம் முழுவதும் நடைமுறையில் இருக்கிறது. 2013 தொடக்கத்திலிருந்து புதிய பூஞ்சைப் பெயர்கள் அனைத்தையும் பன்னாட்டுப் பதிவகம் ஒன்றில் பதிந்து எண் பெறுவதும் கட்டாயம். ஏற்கெனவே பெயருள்ள காளானை ஒரு மலையில் கண்டதாக எழுதுகிறவருக்கு இந்த விதிகள் நேரடியாகப் பொருந்தாது என்று சிலர் சொல்லலாம். அவர் எழுதியது சரிதானா என்று நாளை ஒருவர் சோதிக்க விரும்பினால் எதை எடுத்துச் சோதிப்பார்? சோதிக்க இடமில்லாத கூற்றை ஆய்வு முடிவு என்று அழைக்கும் பழக்கம் வேறு எந்தத் துறையில் இருக்கிறது?

படம் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. மழைக்குப் பின் புல்தரையில் வெள்ளை வெளேரென்று குடை விரித்து நிற்கும் பெரிய காளான் ஒன்றை எல்லோரும் பார்த்திருப்போம். பார்க்கச் சாப்பிடும் காளான் போலவே இருக்கும். குடையின் அடியில் உள்ள செதில்கள் இளம் பருவத்தில் வெள்ளையாகவே இருக்கும். அதன் தலையை வெட்டி, செதில் கீழே பார்க்க ஒரு வெள்ளைத் தாளில் வைத்து, மேலே கிண்ணம் கவிழ்த்து இரவு விட்டுவிட வேண்டும். காலையில் கிண்ணத்தை எடுத்தால் தாளில் அச்சடித்தது போல வித்துத்தூள் வட்டமாகப் படிந்திருக்கும். அது மங்கிய பச்சையாக இருந்தால் அந்தக் காளான் குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ். தின்றவருக்கு ஒன்றிரண்டு மணி நேரத்தில் வயிற்றைப் புரட்டிப் போடும் நச்சுக் காளான். அந்தப் பச்சையைப் படம் காட்டாது, செயலியும் காட்டாது. ஒரு தாளும் ஓர் இரவுப் பொறுமையும் காட்டும்.

இதை மருத்துவக் கல்லூரி இருக்கும் பாகாயத்திலிருந்து எழுதுகிறோம். காளான் தின்று வாந்தியோடு வருகிறவரிடம் மருத்துவர் கேட்கும் கேள்விகள் இரண்டு: எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எது மாதிரிக் காளான்? முதல் கேள்விக்கு நோயாளி பதில் சொல்லிவிடுவார். சாப்பிட்ட ஓரிரு மணியில் வாந்தி வந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கழித்துத் தொடங்கினால் கல்லீரலைத் தின்னும் அமனிட்டா வகை நஞ்சோ என்று மருத்துவர் அஞ்ச வேண்டியிருக்கும். 2020 ஏப்ரலில் மேகாலயத்தின் மேற்கு ஜெயின்டியா மலை மாவட்டத்தில் காட்டுக் காளான் தின்ற ஒரே கிராமத்து மக்கள் ஆறு பேர் இறந்தார்கள். 2022 ஏப்ரலில் அசாமின் தேயிலைத் தோட்டப் பகுதிகளிலும் அதே துயரம் நடந்தது. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல அந்த மலையில் என்னென்ன காளான் முளைக்கிறது என்று முன்கூட்டியே யாராவது எடுத்து, உலர்த்தி, பெயரிட்டு வைத்திருக்க வேண்டும். ஜவ்வாது மலைக்கும் ஏலகிரிக்கும் அப்படி ஒரு தொகுப்பை இந்த மண்டலத்தின் எந்த அலமாரியில் போய்த் திறந்து பார்ப்பது? உயிர் ஊசலாடும் நேரத்தில் மருத்துவர் நம்பத்தக்க ஆதாரமா, செயலி சொன்ன பெயரை ஒட்டி எழுதிய அட்டவணை? தவறான பெயர், பெயரே இல்லாததை விட ஆபத்து.

இந்த மண்ணுக்கு மாதிரி எடுக்கும் பழக்கம் அந்நியமும் அல்ல. தரங்கம்பாடிக்கு 1768-ல் மருத்துவராக வந்த யோகான் கெர்ஹார்ட் கோனிக், ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸிடம் பயின்றவர். பின்னாளில் ஆற்காடு நவாபிடம் இயற்கையியலாளராகச் சம்பளத்துக்கு இருந்தார். வேலூர், ஆம்பூர்ப் பக்கத்து மலைகளில் தாவரம் தேடித் திரிந்தவர் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. அவர் இந்தியாவிலிருந்து அனுப்பியதைக் கொண்டுதான் இன்று போடாக்சிஸ் பிஸ்டில்லாரிஸ் எனப்படும் காளானை 1771-ல் லின்னேயஸ் விவரித்தார். வறண்ட நிலத்திலும் கரையான் புற்றிலும் உலக்கை போல நிமிர்ந்து, விரியாமலே முற்றிக் கருந்தூளாகும் அந்தக் காளான் நம் வேலூர் வெயிலுக்கு ஏற்றது. செல்போனும் இல்லை, மின்சாரமும் இல்லை, கப்பலில் மாதக்கணக்கில் போக வேண்டும். அந்தக் காலத்தில் ஒருவர் உலர்த்தி, பொதிந்து, இடம் குறித்து அனுப்பினார். இருநூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகும் அந்தப் பெயர் நிற்கிறது.

வெள்ளைக்காரன் கதை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நம் சென்னைப் பல்கலைக்கழகத்தையே காட்டுகிறோம். அங்கே தாவரவியல் உயராய்வு மையத்தில் பேராசிரியர் கே. நடராஜன் 1975-ல் தென்னிந்தியக் காளான்கள் பற்றிய கட்டுரை வரிசையைத் தொடங்கினார். முதல் கட்டுரையே புற்றுக் காளான் பற்றியது. நம் ஊர்ச் சந்தையில் மழைக்காலத்தில் இலையில் வைத்து விற்கும் அதே புற்றுக் காளான்தான். 1979-ல் அந்தக் காளான் பேரினத்தில் ஒரு புதிய இனத்தை விவரித்து, அந்தப் பேரினத்தை 1942-ல் வகுத்த பிரெஞ்சு அறிஞர் ரொஜே ஹைமின் நினைவாக டெர்மிட்டோமைசிஸ் ஹைமி என்று பெயரிட்டார். கொடைக்கானல் பைன் தோட்டங்களின் காளான்களையும் அவரும் அவருடைய மாணவர்களும் துருவி ஆராய்ந்தார்கள். அவர்கள் எடுத்தவை வெறும் பெயர்களாக நிற்கவில்லை. எம்.யு.பி.எல். என்ற குறியீட்டோடும் எண்ணோடும் பொட்டலங்களாக இருக்கின்றன. சந்தேகம் வந்தால் பொட்டலத்தைப் பிரித்து ஒரு செதிலை நனைத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கலாம். ஐம்பது ஆண்டுக்கு முன் தமிழ்நாட்டில் ஒரு துறை செய்து காட்டியதை, வசதி பெருகிய இந்தக் காலத்தில் செய்ய முடியவில்லை என்பதை எப்படி ஏற்பது?

எடுத்ததைக் காப்பதற்கும் முன்மாதிரிகள் உண்டு. டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கும் பூஞ்சைத் தொகுப்பு, பிகார் மாநிலம் பூசாவில் 1905-ல் இ. ஜே. பட்லர் தொடங்கியது. 1934 ஜனவரியில் வந்த பெரும் பூகம்பத்தில் பூசா நிறுவனத்தின் கட்டடம் நொறுங்கிய பிறகு நிறுவனமே டெல்லிக்கு இடம் மாறியது. தொகுப்பும் கூடவே போனது. கட்டடம் விழுந்தபோதும் பொட்டலங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். இலங்கையில் பேராதனைத் தோட்டத்திலிருந்து தாவரவியலாளர் துவைட்ஸ் அனுப்பிய காளான்களைப் பூஞ்சையியலாளர்கள் பெர்க்லியும் புரூமும் 1870-களில் விவரித்தார்கள். நூறு ஆண்டு கழித்து, அந்தக் காலத்துப் பெயர்களில் எது சரி, எது பிழை என்று பூஞ்சையியலாளர் பெக்ளர் பொட்டலம் பொட்டலமாகத் திறந்து பார்த்து, 1986-ல் இலங்கைக் காளான்களுக்கு முழு நூல் எழுதினார். பெர்க்லி தவறு செய்த இடங்களும் உண்டு. மாதிரி இருந்ததால் தவறு திருந்தியது. இன்று நம் ஆய்வேடுகளில் உள்ள தவறுகள் என்றைக்கும் திருந்தாது, ஏனென்றால் திறந்து பார்க்கப் பொட்டலம் இல்லை.

நம் பகுதி மக்களுக்கு இதை விளக்கப் பெரிய பாடம் தேவையில்லை. ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ எந்தத் தோல் ஷாப்பிலும் லாட் எண் இல்லாத சரக்கு ட்ரம்முக்குள் ஏறாது. எந்த மண்டியில் வாங்கிய தோல், எந்தத் தேதி ஊறவைத்தது, எந்த லாட்டில் குரோம் ஏறியது என்று குறித்திருப்பதால்தான் ஏற்றுமதி செய்த செருப்பில் குறை வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் பிடிக்க முடிகிறது. கூலிக்கு வேலை செய்யும் தொழிலாளி அந்தச் சீட்டைத் தவறவிடுவதில்லை. முனைவர் பட்டம் பெற்றவர்கள் நடத்தும் ஆய்வுக்கூடத்தில் சீட்டு இல்லாமல் மாதிரி கிடக்கிறது. பூஞ்சையும் நம் தொழிலுக்குப் புதிதல்ல. வெட் ப்ளூ தோலில் பூஞ்சை படர்ந்தால் சரக்கின் தரம் இறங்கிவிடும் என்று பதறி மருந்து போடும் ஊர் இது. நட்டம் தரும் பூஞ்சையை இவ்வளவு கவனமாகப் பார்க்கத் தெரிந்த ஊரில், காட்டைத் தாங்கி நிற்கும் பூஞ்சைக்கு ஒரு பதிவேடு இல்லை.

சீட்டில் என்ன எழுத வேண்டும்? முதலில் இடம். "வேலூர் மாவட்டம்" என்று மட்டும் எழுதிய சீட்டு இன்று எதற்கும் உதவாது. 1989-ல் வடாற்காடு பிரிந்து திருவண்ணாமலை தனியானது. 2019 நவம்பரில் வேலூரே மூன்றாகி ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிறந்தன. ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். ஜவ்வாது மலையே மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. மாவட்ட எல்லை அரசாணையில் மாறும், ஓடையும் பாறையும் மாறாது. எனவே கிராமம், காட்டின் பெயர், ஓடையின் எந்தக் கரை, கடல் மட்டத்திலிருந்து உயரம், அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் வேண்டும். அடுத்து, எதன் மேல் முளைத்தது என்பது: மண்ணா, புற்றா, மாட்டுச் சாணமா, இற்றுப்போன கட்டையா. கட்டை என்றால் என்ன மரம்? பக்கத்தில் எந்த மரம் நின்றது? பறிக்கும்போது நிறம் என்ன, நசுக்கினால் நிறம் மாறியதா, பால் வந்ததா, மணம் எப்படி என்பதெல்லாம் அங்கேயே குறிக்க வேண்டியவை. உலர்ந்த பிறகு எந்தக் காளானும் பழுப்பு நிறச் சுருணைதான். பறித்தவரின் பெயர், அவருடைய வரிசை எண், தேதி. இவ்வளவும் ஓர் உள்ளங்கை அகலத் தாளில் பென்சிலால் எழுத முடியும்.

பறிப்பதிலும் ஒழுங்கு வேண்டும். தண்டை நடுவில் ஒடிக்கக் கூடாது, கத்தியால் மண்ணோடு பெயர்த்து எடுக்க வேண்டும். கொடிய அமனிட்டாவைக் காட்டிக்கொடுக்கும் கிண்ணம் போன்ற உறை மண்ணுக்குள்தான் இருக்கிறது. அதை மண்ணிலேயே விட்டுவிட்டு மேல்பாதியை மட்டும் படம் எடுத்து வருவது, குற்றவாளியின் முகத்தை விட்டுவிட்டுச் சட்டையை மட்டும் அடையாளம் எழுதிய போலீஸ் அறிக்கைக்குச் சமம். பறித்ததைச் செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்ற வேண்டும். அன்று இரவே நாற்பது ஐம்பது டிகிரி இளஞ்சூட்டில், காற்றோட்டத்தோடு, ஒடித்தால் சடக்கென்று முறியும் வரை உலர்த்த வேண்டும். பிறகு காற்றுப் புகாத உறையில் சிலிக்கா ஜெல் போட்டு மூட வேண்டும். வண்டு வராமல் இருக்கச் சில நாள் ஆழ்குளிரில் வைத்து எடுக்க வேண்டும். இதற்கு வேண்டிய கருவி, காய்கறி வற்றலுக்கு விற்கும் சிறிய உலர்த்திதான். கோடிக்கணக்கில் மானியம் கேட்டுக் காத்திருக்க வேண்டிய வேலை அல்ல.

கல்லூரி ஒன்றின் தாவரவியல் காட்சியகத்தில் நாம் கண்ட கண்ணாடிச் சாடியை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. கல்லூரியின் பெயர் வேண்டாம், அதே நிலையில் வேறு பல இருக்கக்கூடும். சாடியில் மஞ்சளித்த ஃபார்மலின். அடியில் உதிர்ந்த செதில்களின் கசடு. நடுவில் நிறமற்றுப் போன காளான் ஒன்று. வெளியே ஒட்டிய சீட்டில் பேனா மை கரைந்து "காளான்" என்ற ஒரே சொல் மட்டும் படிக்க முடிந்தது. ஊர் இல்லை, தேதி இல்லை, பறித்தவர் பெயரும் இல்லை. ஃபார்மலினில் ஊறிய திசுவிலிருந்து உருப்படியாக டிஎன்ஏ எடுப்பது பெரும்பாடு. அதே காளானை உலர்த்திப் பொட்டலம் கட்டியிருந்தால் இன்றைக்கும் ஒரு துணுக்கைக் கிள்ளி மரபணு வரிசை பார்த்திருக்கலாம். யாரோ ஒரு மாணவர் காட்டில் அலைந்து கொண்டு வந்தது அது. அந்த உழைப்பை வீணாக்க யாருக்கு உரிமை?

பாலாற்றுக்கு வருவோம். தோல் கழிவு பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவர் ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது, நம் ஊரின் பெயரில் உலகம் முழுக்கப் படிக்கப்படுகிறது. 2025 ஜனவரி 30-ல் அதே நீதிமன்றம் மீண்டும் இந்தப் பகுதியின் தோல் கழிவு வழக்கில் தலையிட்டு, இழப்பீட்டோடு சுற்றுச்சூழலையும் மீட்க வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறது. மீட்பது என்றால் எந்த நிலைக்கு மீட்பது? குரோமியம் ஏறுவதற்கு முன் அந்த மண்ணில் என்ன முளைத்தது என்பதற்கு ஆதாரம் எங்கே? காளான்கள் தாம் முளைக்கும் மண்ணின் கன உலோகங்களை உறிஞ்சித் தம் உடலில் சேர்த்துக்கொள்பவை. காட்மியம், பாதரசம் விஷயத்தில் இது நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. பாலாற்றங்கரையின் புற்றுக் காளானை 1975-லும் 1985-லும் 1995-லும் ஆண்டுக்கு ஒரு பொட்டலம் எடுத்து வைத்திருந்தால் இன்றைக்கு நீதிமன்றத்தின் முன் வைக்க ஐம்பதாண்டு சாட்சி இருந்திருக்கும். அந்தச் சாட்சியை நாம் சேர்க்கவே இல்லை. இன்றும் சேர்க்கவில்லை என்றால் 2075-ல் இதே கேள்வியைக் கேட்கிறவர்களுக்கும் வெறுங்கைதான்.

பழைய பொட்டலங்கள் எதையெல்லாம் சொல்லும் என்பதற்கு நார்வே நாட்டிலிருந்து ஒரு சான்று. அங்கே 1940 முதல் 2006 வரை ஹெர்பேரியங்கள் எனப்படும் உலர்மாதிரித் தொகுப்புகளில் சேர்ந்த காளான்களின் தேதிச் சீட்டுகளை, ஏறத்தாழ 34,500 பதிவுகளை, ஆய்வாளர்கள் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 1980-க்குப் பிறகு இலையுதிர்காலக் காளான்கள் சராசரியாகப் பதிமூன்று நாள் தாமதமாக முளைக்கின்றன என்று 2008-ல் வெளியிட்டார்கள். அந்தக் காளான்களைப் பறித்தவர்களில் பலர் பருவநிலை மாற்றம் என்ற சொல்லையே கேட்டிருக்க மாட்டார்கள். தேதியைச் சரியாக எழுதினார்கள், அவ்வளவே. நம் பக்கத்தில் இடி இடித்தால் காளான் முளைக்கும் என்கிறோம். முன்பெல்லாம் ஆடி ஆவணியிலேயே வந்துவிடும், இப்போது ஐப்பசியில்தான் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்கிறோம். அது உண்மையா, நினைவின் மயக்கமா என்று சொல்ல நம்மிடம் ஒரு தேதிச் சீட்டும் இல்லை.

அரசும் சட்டமும் இதில் தப்ப முடியாது. 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் உயிரியல் வளம் என்பதைத் தாவரங்கள், விலங்குகள், நுண்ணுயிரிகள் என்று சொல்கிறது. பூஞ்சை என்ற சொல் அந்த வரையறையில் இல்லை. ஈஸ்ட்டை நுண்ணுயிரி என்று சேர்த்துக்கொள்ளலாம். இரு கைகளால் தூக்க வேண்டிய புற்றுக் காளானை எதில் சேர்ப்பது? 2023-ல் சட்டத்தைத் திருத்தியபோதும் இதைச் சரிசெய்யவில்லை. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூலைத் தாவர வழி வந்த பொருள்கள் என்று வரையறுக்கிறது. காளான் தாவரம் அல்ல. அப்படியானால் ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சேகரிக்கும் காளானின் மேல் அவர்களுக்குள்ள உரிமையை எந்த எழுத்து காப்பாற்றும்? சிலி நாடு 2010-லேயே தன் சுற்றுச்சூழல் சட்டத்தில் பூஞ்சைகளைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. நமக்கு மட்டும் ஏன் இந்தத் தயக்கம்?

பல்லுயிர்ப் பதிவேடும் அப்படித்தான். உள்ளாட்சி தோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதி முடிக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31 கெடு வைத்தது. தவறினால் மாதம் பத்து லட்சம் ரூபாய் தண்டம் என்றும் சொன்னது. கெடுவுக்கு அஞ்சி எழுதிய பதிவேட்டில் என்ன இருக்கும்? படிவங்களில் பயிர், பழமரம், தீவனம், களை, மூலிகை, கால்நடை, காட்டு விலங்கு என்று தனித்தனி அட்டவணைகள் உண்டு. காளானுக்கென்று தனி அட்டவணை கிடையாது. எழுதுகிறவர் தாமாக முன்வந்து மூலிகைப் பட்டியலின் ஓரத்தில் செருகினால்தான் உண்டு. மலையில் எந்தப் புற்றில் எப்போது எது முளைக்கும், எதைத் தொடவே கூடாது, எதை எத்தனை முறை கழுவிச் சமைக்க வேண்டும் என்பதெல்லாம் ஜவ்வாது மலைப் பெண்களுக்கு அத்துப்படி. அவர்கள் சொல்லும் ஊர்ப்பெயரும் பக்குவமும் மாதிரிப் பொட்டலத்தின் சீட்டில் ஏற வேண்டும், சொன்னவர் ஒப்புதலோடு அவர் பெயரும் ஏற வேண்டும். தகவலை வாங்கிக்கொண்டு, கட்டுரையில் "உள்ளூர் மக்கள்" என்று ஒற்றைச் சொல்லில் அவர்களை மறைப்பதை நாம் கண்டிக்கிறோம். அவர்களும் ஆய்வில் பங்காளிகள்தான்.

காப்புக்காட்டுக்குள் மாதிரி எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். அது சரியான விதி, தளர்த்தச் சொல்லவில்லை. ஆனால் காளான் முளைத்து அழுக ஒரு வாரம் போதும். கோப்பு மேசை மேசையாக நகர்ந்து கையெழுத்தாகி வரும்போது மழை ஓய்ந்து மலை காய்ந்திருக்கும். மழைக்கு முன்பே அந்தப் பருவம் முழுவதற்கும் அனுமதி தந்து, எடுத்த ஒவ்வொரு மாதிரியும் எந்தத் தொகுப்பில் எந்த எண்ணில் சேர்ந்தது என்று கணக்குக் கேட்பதே வனத்துறை செய்ய வேண்டியது. முறையாக எடுப்பவரை அலைக்கழித்தால், அனுமதியே கேட்காமல் படம் எடுத்துப் போகிறவர்கள்தான் பெருகுவார்கள்.

மாதிரி எடுத்தால் காளான் அழிந்துவிடும் என்று சிலர் கவலைப்படுகிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் நாம் பறிப்பது பழத்தை, மரத்தை அல்ல. காளானின் உடல் நூலிழைகளாக மண்ணுக்குள்ளும் கட்டைக்குள்ளும் பரவிக் கிடக்கிறது. இரண்டு மூன்று குடைகளை எடுப்பதால் அது சாகாது. காட்டை வெட்டினால் சாகும், தீ வைத்தால் சாகும், கழிவு நீர் பாய்ந்தால் சாகும். அப்படிச் செத்த பிறகு இங்கே இன்னது இருந்தது என்று சொல்ல ஆளில்லாமல் போவதைத்தான் நாம் அஞ்சுகிறோம். உலகில் இருபத்திரண்டு லட்சம் முதல் முப்பத்தெட்டு லட்சம் வரை பூஞ்சை இனங்கள் இருக்கலாம் என்று 2017-ல் பூஞ்சையியலாளர்கள் ஹாக்ஸ்வொர்த்தும் லூக்கிங்கும் கணித்தார்கள். பெயர் பெற்றவை ஏறக்குறைய ஒன்றரை லட்சம்தான். பூக்கும் தாவரங்களுக்குத் திருச்சி புனித ஜோசப் கல்லூரியின் கே. எம். மாத்யூ அடிகளார் தம் ரபினாட் ஹெர்பேரியத்தைக் கொண்டு தமிழகத்தின் கர்நாட்டிக் சமவெளிக்கும் அதன் மலைகளுக்கும் 1980-களின் தொடக்கத்தில் முழுத் தாவரத் தொகுதியே எழுதி முடித்தார். மலை மலையாக ஏறி எடுத்த மாதிரிகளின் மேல் எழுந்த நூல் அது. காளானுக்கு அப்படி ஒரு நூல் வேண்டும் என்று நாம் ஆசைப்படுவது பேராசையா?

பயன் என்ன என்று கேட்கும் நிர்வாகிகளுக்கும் ஒரு விடை உண்டு. இன்று வேலூர்க் கடைகளில் பாக்கெட்டில் விற்கும் பால் காளான், 1974-ல் வங்காளத்தில் புர்காயஸ்தாவும் சந்திராவும் காட்டுக் காளானாக எடுத்து விவரித்ததுதான். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தில் ஏ. எஸ். கிருஷ்ணமூர்த்தி அதை வளர்ப்புப் பயிராக்கினார், 1998-ல் ஏபிகே 2 ரகம் வெளிவந்தது. நம் வெயிலைத் தாங்கி வைக்கோலில் வளர்ந்து எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அன்று அதைப் படம் மட்டும் எடுத்திருந்தால் இன்று அந்தப் பயிர் இல்லை.

ஆகவே திருத்தம் கோருகிறோம், வேண்டுகோளாக அல்ல. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் தாவரவியல், நுண்ணுயிரியல் துறைகள் உள்ள கல்லூரிகளும் அவற்றை இணைத்திருக்கும் பல்கலைக்கழகமும், ஹெர்பேரிய எண் இல்லாத எந்தக் காளான் ஆய்வேட்டையும் இனி ஏற்கக் கூடாது. ஏற்கெனவே பட்டம் தரப்பட்ட ஆய்வேடுகளில் மாதிரி இருப்பவை எவை, இல்லாதவை எவை என்று துறைத் தலைவர்கள் தணிக்கை செய்து வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். மாதிரி இல்லாத அட்டவணைகளின் மேல் "சரிபார்க்கப்படாதது" என்று எழுத வேண்டும். அது அவமானம் என்று நினைப்பவர்கள் மறுபடி மலையேறி எடுத்து வந்து சரிசெய்யட்டும். ஆய்விதழ் ஆசிரியர்கள் மாதிரி எண் கேட்காமல் ஒரு புதுப் பதிவையும் அச்சிடக் கூடாது. இந்த நான்கு மாவட்டங்களுக்கும் பொதுவாக ஒரு பூஞ்சைத் தொகுப்பு வேண்டும். குளிரூட்டிய ஓர் அறை, இரும்பு அலமாரிகள், ஓர் உலர்த்தி, ஒரு நல்ல நுண்ணோக்கி, சம்பளம் வாங்கும் நிரந்தரக் காப்பாளர் ஒருவர் போதும். காப்பாளர் இல்லாமல் அறை மட்டும் கட்டித் திறப்பு விழா நடத்த வேண்டாம். ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பாதி, தேசியத் தொகுப்பு ஒன்றுக்குப் போக வேண்டும். புதிய இனம் கண்டால் மாதிரியை அறிவிக்கப்பட்ட நிறுவனத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று பல்லுயிர்ச் சட்டத்தின் 39-வது பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. மருத்துவமனைகளின் அவசரச் சிகிச்சைப் பிரிவுகள், நோயாளி தின்ற காளானின் மிச்சத்தைத் தாளில் சுற்றிக் கொண்டுவரச் சொல்லி, சிகிச்சை முடிந்ததும் அந்தத் தொகுப்புக்கு அனுப்ப வேண்டும். தமிழ்நாடு பல்லுயிர் வாரியம் பதிவேட்டுப் படிவத்தில் காளானுக்கு ஒரு பக்கம் சேர்க்க வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் உயிரியல் வளத்தின் வரையறையில் பூஞ்சை என்ற சொல்லைச் சேர்க்கக் கோர வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதில் எதைச் செய்யப் போகிறோம் என்று துறைத் தலைவர்களும், மாவட்ட வன அலுவலர்களும், பல்லுயிர் வாரியமும் எழுத்தில் சொல்ல வேண்டும். வரும் பதில்களை இதே பக்கத்தில் அப்படியே அச்சிடுவோம். மழைக்காலம் முடிந்ததும், எத்தனை பொட்டலங்கள் எந்த எண்களோடு அலமாரியில் ஏறியிருக்கின்றன என்று நேரில் போய்க் கேட்போம்.